ஏழாம் நம்பர் உடம்பு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. பட்டறையிலும் தெருவிலும் அவர் 'ஏழு'. வயதில் சின்னவர்கள் மரியாதை கருதி 'ஏழண்ணே' என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் எவனாவது, "ஏன் அப்படிக் கூப்பிடுறாங்க, வீட்ல ஏழாவது புள்ளையா?" என்று கேட்டுவிட்டால் போதும், பெயிண்டர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்கொட்டகையில் நிறுத்துவார். அங்கே கழுத்தில் 7 என்று எண் குத்திய ஒரு துணிக்கடைப் பொம்மை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும்.

"இதோ, இவருதான் அவரு. இவருக்கு மட்டும் வயசாகல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார் பெயிண்டர்.

துணிக்கடை வாசலில் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் நிற்குமே, அந்தப் பொம்மைகளைச் செய்கிற பட்டறை அது. தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு கோடியில் பிளாஸ்டர் மாவு மூட்டைகள். நடுவில் அச்சுகள். மறுகோடியில், ரெசின் பூசி எடுத்த ஃபைபர் உடம்புகள் கொக்கியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். கைகள் ஒரு கூடையில், கால்கள் ஒரு கூடையில். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கால்கூடையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பழகிப்போனால் எதுவுமே தெரியாது.

ஏழு அங்கே பொம்மை செய்ய வரவில்லை, மூட்டை இறக்க வந்தவர். அப்போது இருபத்திரண்டு வயது. லாரியிலிருந்து மாவு மூட்டைகளைத் தோளுக்கு ஒன்றாக, ஒரே தடவையில் இரண்டு தூக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பெரிய முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நடையில் கூப்பிட்டார்.

"டேய், சட்டையைக் கழட்டு."

ஏதோ காணாமல் போயிருக்கிறது, சோதனை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டார் இவர். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எடுக்கலைங்க. வேணும்னா பையைப் பாத்துக்குங்க" என்று சட்டையைக் கழற்றித் தரையில் வீசினார். முதலாளி சட்டையைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோலச் சுற்றி வந்தார். தோளைத் தட்டினார். வயிற்றில் விரல் மடக்கிக் கதவைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார். "பலகைடா" என்றார். மறுநாளே அந்த உடம்பில் அச்சு எடுத்தார்கள். நாற்பது நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றாராம் ஏழு. அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி அவர் அடுத்த இருபத்தாறு வருஷம் பேசினார்.

அது எப்பேர்ப்பட்ட உடம்பு என்றால், மார்பு நாற்பத்து நாலு. தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். தொடை இரண்டும் உரல். வயிறு உருண்டை, உருண்டைதான், தொந்தி இல்லை. வயிற்றில் ஒரு கோடு கிடையாது. அந்தக் காலத்தில் அதைத்தான் 'கட்டு' என்றார்கள். கட்டான ஆள், கட்டுமஸ்தான உடம்பு என்றெல்லாம் சொன்னது, வைக்கோல் கட்டுபோல எல்லாம் சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கும் ஓர் உருவத்தை. பெரிய முதலாளிக்கு இதில் ஒரு தெளிவான கொள்கையே இருந்தது.

"வயித்துல கோடு தெரிஞ்சா அவன் பட்டினி கிடக்கிறவன்டா. பட்டினி கிடக்கிறவனை வாசல்ல நிறுத்துனா எவன் உள்ள வந்து சட்டை வாங்குவான்?"

ஏழாம் நம்பர் பொம்மை விற்ற மாதிரி அந்தப் பட்டறையில் எதுவும் விற்கவில்லை. ஊருக்கு ஊர் போயிற்று. இவரையும் மூட்டை தூக்கும் வேலையிலிருந்து எடுத்து, அச்சு எடுக்கப் பழக்கி உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பெண் பார்த்தபோது, மாமனாராக வரப்போகிறவர் மாப்பிள்ளையின் போட்டோ கேட்டார். போட்டோ இல்லை. தரகர் அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பொம்மையைக் காட்டி, "முகத்தை மட்டும் மாத்திக்குங்க, மத்தது இதேதான்" என்றார். கல்யாணமாகி வந்த பிறகு மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இருவரும் கடைத்தெருவில் நடந்து போகும்போது கடைக்குக் கடை நின்று பார்ப்பாள்.

"வீட்ல ஒண்ணுக்குச் சோறு போடவே முடியல. ஊரெல்லாம் எத்தனை நிக்குது பாருங்க!"

அவருக்குக் காது வரை சிவந்துவிடும். ஆனாலும் வீட்டுக்குப் போகக் கிட்ட வழி இருந்தும் கடைத்தெரு வழியாகத்தான் போவார்.

அந்தப் பெருமை பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கும். பிறகு துணி மாறியது. முதலில் ஒரு கடைக்காரர் பொம்மையைத் திருப்பி அனுப்பினார். புதுச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லையாம். அடுத்து ஒருவர், கால்சட்டை தொடையில் சிக்கிக் கிழிந்துவிட்டது என்றார். "என்னங்க பொம்மை இது, ஆளா, பீரோவா?" என்று ஒருவர் போனில் கேட்டதை முதலாளி ஒலிபெருக்கியில் போட்டுவிட, பட்டறையே சிரித்தது. ஏழும் சிரித்தார்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்து, போய்ச் சேர்ந்து, அவர் மகன் சின்ன முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபோது, ஏழாம் நம்பரை அறுத்துச் சரிசெய்வது என்று முடிவாயிற்று. அறுக்கிற வேலை யாருடையது? அச்சு வேலை தெரிந்தவர் ஏழுதான். தன் தோளில் ரம்பம் வைத்துப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் எடுத்தார். தொடையைப் பிளந்து ஒட்டினார். "இடுப்புல இன்னும் ரெண்டு இஞ்ச் எடுங்கண்ணே" என்றார் சின்ன முதலாளி. கிரைண்டர் வைத்து எடுத்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த தூள் வெள்ளையாக முகமெல்லாம் படிந்தது. பெயிண்டர் எட்டிப் பார்த்து, "தன்னைத் தானே இளைக்க வெக்கிறதுக்கு இதைவிடச் சுலப வழி எவனுக்கு வாய்க்கும்!" என்றார்.

அந்தப் பெயிண்டரின் வாயும் கொஞ்ச நாளில் அடைத்துப்போயிற்று. அவருடைய வேலை பொம்மைக்குக் கண் எழுதுவது. கடைக்காரர்கள் தலையே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தலை இருந்தால் வாங்க வருகிறவன் அந்த முகத்தைப் பார்க்கிறானாம். இல்லாவிட்டால் தன் முகத்தை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறானாம். பெயிண்டரைக் கழுத்துக்குக் கீழே வண்ணம் அடிக்க விட்டார்கள்.

அறுத்து அறுத்து ஏழாம் நம்பர் ஒன்றுக்கும் உதவாமல் போனது. நிஜ ஏழும் அப்படித்தான் ஆகியிருந்தார். நாற்பத்தெட்டு வயது. மூட்டை தூக்காத உடம்பு. தோள் சரிந்து வயிற்றில் வந்து நின்றது. ஃபைபர் தூள் நெஞ்சில் ஏறி, காலையில் எழுந்தால் கால்மணி நேரம் இருமல்.

ஒருநாள் சின்ன முதலாளி தன் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். "இந்த மாதிரி ஒண்ணு புதுசா எடுக்கணும்ணே. பதினெட்டாம் நம்பர்." படத்திலிருந்தவனின் வயிறு, ஓடு அடுக்கிய கூரைபோல வரிசை வரிசையாக இருந்தது. ஏழு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னங்க, உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு?"

"கட்ஸ்ணே. இப்ப இதான்."

கட்டு போய்க் கட் வந்துவிட்டது. சேர்த்துக் கட்டினது ஒரு காலம், வெட்டி எடுப்பது ஒரு காலம் என்று பெயிண்டர் வியாக்கியானம் செய்தார். ஏழுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அச்சுக்கு ஆள் யார் என்று கேட்டார். ஜிம்மில் யாரையாவது பிடிக்கலாம், ஒரு பையன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான் என்றார் சின்ன முதலாளி. ஏழு சற்று நேரம் உப்புத்தாளை மடித்துக்கொண்டே நின்றார்.

"வெளியாள் எதுக்குங்க? என் பையன் இருக்கான்."

சொல்லிவிட்டாரே தவிர, பையனும் அவரும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. இருபத்தொரு வயது. வீட்டில் பெற்றவர்கள் இருவரும் அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. வேலை முடிந்தால் டயர் கடை மாடியில் இருந்த ஜிம். வீட்டுக்கு வந்தால் முட்டையை உடைத்து மஞ்சளை மட்டும் ஒதுக்கிவிட்டு வெள்ளையை விழுங்குவான். ஒதுக்கின மஞ்சளை யார் தின்பது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் ஏழு, வழக்கமான நாற்பது நிமிஷக் கதையை எடுத்தபோது, அவன் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னான்:

"அப்பா, அது உடம்பு இல்ல. அது சதை. அந்தக் காலத்துல யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்."

அன்றோடு பேச்சு குறைந்தது. அதனால்தான் பதினெட்டாம் நம்பரைப் பற்றி அவனிடம் சொல்லும்போது ஏழுக்கு நாக்கு குழறியது. அவன் முதலில் நம்பவில்லை. பிறகு, "நிஜமாவா? எல்லாக் கடையிலயுமா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் கேட்பானே, அந்தக் குரலில். ஏழுக்கு அது போதுமாக இருந்தது. தன் இடம் வெளியாளுக்குப் போகக் கூடாது, தன் பிள்ளைக்குத்தான் போக வேண்டும். அதைத் தவிர அந்த மாதத்தில் அவருக்கு வேறு நினைப்பில்லை.

சின்ன முதலாளி பையனை வரச்சொல்லிச் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். தோளுக்குத் தலையாட்டினார், மார்புக்குத் தலையாட்டினார். வயிற்றுக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இருக்கு. ஆனா மங்கலா இருக்கு. பிளாஸ்டர்ல விழாது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள தெளிவா வந்தா சரி, இல்லன்னா அந்தப் பையனை வரச் சொல்லிடுறேன். தப்பா நினைக்காதீங்கண்ணே."

அன்று மாலை ஏழு முதன்முதலாக டயர் கடை மாடி ஏறினார். ஜிம் மாஸ்டர் பையனின் வயிற்றைக் கிள்ளிக் காட்டினார்.

"கொழுப்பெல்லாம் போயிடுச்சுங்க. தோலுக்கு அடியில தண்ணி நிக்குது. தண்ணி வத்தணும். வத்துனாதான் கோடு தெரியும்."

வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் அந்தப் பேச்சு ஒரு நிமிஷமாவது உறுத்தியிருக்கும். ஏழுக்கு உறுத்தவில்லை. அவர் தொழிலின் பால பாடமே அது. பிளாஸ்டர் அச்சை எடுத்ததும் தொட்டால் சில்லென்றிருக்கும். கோடுகள் மொழுக்கென்று கிடக்கும். நாலு நாள் காய வைத்து, உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்க வற்றினால்தான் ரேகை ரேகையாக எழும்பி வரும். 'தண்ணி வத்தலைன்னா வேலை கெட்டுது' என்று அவரே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். "சரியாத்தான் சொல்றாரு தம்பி" என்றார் படி இறங்கும்போது. அப்பாவும் பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான்.

பையன் உப்பை நிறுத்தினான். தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, வாய் கொப்பளித்துத் துப்புவதோடு நிறுத்தினான். வெள்ளிக்கிழமை காலை, அம்மா குளிக்கப் போன நேரத்தில் அப்பாவிடம் வந்தான்.

"போட்டிக்குப் போறவங்க கடைசி மூணு நாளு நீர் மாத்திரை போடுவாங்கப்பா. அம்மா சாப்பிடுறாங்களே, அதே மாத்திரைதான்."

அவளுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் ஒரு மாத்திரை போட்டால் மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு தெரியும். அதை ஏழு வருஷக்கணக்காகக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"அவகிட்டக் கேளு."

"கேட்டா குடுப்பாங்களா? ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

ஏழு யோசித்தார். யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அலமாரி மேலிருந்த டப்பாவை எட்டி எடுத்தார். "உங்கம்மா தினம் சாப்பிடுறதுதானே, விஷமா என்ன?" என்றார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. அவர் கையாலேயே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்துக்கடைக்காரன் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று கடைவாசலில் நின்று கத்திவிட்டு வந்தாள். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பையன் பட்டறையில் சட்டையைக் கழற்றியபோது, பெயிண்டர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தது வயிறு. தோல் காகிதம்போல ஒட்டிக்கிடக்க, பச்சை நரம்பு விலாவில் ஏறி இறங்கியது. சின்ன முதலாளி கையே தட்டிவிட்டார். "அந்தப் பையனுக்கு வேணாம்னு சொல்லிடுறேன்ணே." ஏழு வேறு பக்கம் திரும்பி மாவு கரைத்தார்.

அச்சு எடுப்பது இப்படி: உடம்பில் எண்ணெயும் சோப்புக் கரைசலும் தடவி, ஆளைப் பலகைமேல் நிறுத்தி, மேலே உத்தரத்திலிருந்து தொங்கும் இரண்டு கயிற்று வளையங்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிளாஸ்டரில் நனைத்த துணிப்பட்டைகளை முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கழுத்திலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஈரப் பிளாஸ்டர் பாரம் கீழே இழுக்காமலிருக்க நாலு பக்கமும் மரமுட்டுக் கொடுப்பார்கள். இறுகும்போது அது சுடும். உள்ளே நிற்கிறவனுக்கு வெந்நீர் அண்டாவில் இறங்கினமாதிரி இருக்கும். அசைந்தால் விரிசல். விரிசல் விழுந்தால் அத்தனையும் வீண்.

முன்பக்கம் முடிந்து இறுகத் தொடங்கியபோது பையன் மெல்லக் கூப்பிட்டான்.

"அப்பா, கால் இழுக்குது."

"இழுக்கும். பல்லைக் கடிச்சுக்க."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுப்பா. கொஞ்சம் தண்ணி..."

ஏழு பின்பக்கம் போய் முதுகில் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தால் வயிறு உப்பும். முன்பக்கம் இன்னும் முழுக்க இறுகவில்லை. "இன்னும் இருபது நிமிஷம் தம்பி. அசையாதே. நான் நிக்கல? நாப்பது நிமிஷம் நின்னேன்."

அவன் மறுபடி கேட்கவில்லை. அப்பா சொன்னபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த சின்ன முதலாளி சிரித்தார்.

"ஏழண்ணே, உங்க பையன் நின்னுக்கிட்டே தூங்குறான்!"

"அவனுக்கு எங்க போனாலும் தூக்கம்தாங்க" என்றார் ஏழு, பின்பக்கமிருந்தே. பெயிண்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கழுத்தைச் சுற்றி இறுகியிருந்த பிளாஸ்டர் விளிம்பில் பையனின் மோவாய் சாய்ந்திருந்தது. கைகள் வளையத்திலிருந்து எப்போது நழுவின என்று யாரும் பார்க்கவில்லை. நாலு பக்கமும் முட்டுக் கொடுத்த கூடு அவனைத் தாங்கி நிறுத்தியிருந்தது. நேராக நின்றான். பின்பக்கமும் இறுகி, முட்டுகளை எடுத்து, கூட்டை இரண்டாகப் பிரித்தபோதுதான் சரிந்து ஏழின் மேல் விழுந்தான். உடம்பு கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று ஏழுக்கு நினைவில்லை. மனைவி எதிர்வீட்டுக்காரரின் வண்டியில் வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தார்.

"இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. பையன் ஏதாவது மாத்திரை, ஊசி எடுத்துக்கிட்டாரா?"

ஏழு வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எம்புள்ளைக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடக் குடுத்ததில்லைங்க. நல்லா சாப்பிடுவான், நல்லா உடம்ப வெச்சிருக்கான்." டாக்டரம்மா ஏழைப் பார்த்தார். ஏழு தரையைப் பார்த்தார். டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஏழு அதைப் பார்க்கவே கூடாது என்றிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயும் வெளியேயும் ஓடினார்கள். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, இல்லங்க? சூடு தாங்காம மயக்கம் போட்டிருக்கான், அவ்வளவுதான், இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரிய முள் நாலு எண்களைக் கடந்த பிறகு ஏழு கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். உள்வாசலில் நின்ற நர்ஸிடம் ரகசியம்போலச் சொன்னார். நர்ஸ் கேட்டாள், "என்ன மாத்திரைங்க? பேரு?" அவருக்குப் பெயர் தெரியவில்லை. "என் சம்சாரம் சாப்பிடுறது."

நர்ஸ் விடுவிடுவென்று அவளிடம் போனாள். "அம்மா, நீங்க சாப்பிடுற நீர் மாத்திரை பேரு என்ன? எத்தனை மில்லிகிராம்?"

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு எதுக்கு இப்ப..." என்று ஆரம்பித்தாள். பிறகு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஏழு கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று ஏழு கேட்டார். "அதை இப்ப பேச வேணாம்" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு எப்போதும் யாரும் அதைப் பேசவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சோறு ஆக்கினாள், போட்டாள், அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். இருபது நாள் கழித்து ஒரு காலையில், அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த அச்சைப் பாக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவள் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. சின்ன முதலாளி எழுந்து நின்றார். அச்சின் மேல் போட்டிருந்த சாக்கை ஏழு விலக்கினார். நன்றாகக் காய்ந்திருந்தது. எங்கும் விரிசல் இல்லை. அப்படி ஓர் அச்சு அந்தப் பட்டறையில் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. அவள் குழிவான அந்த வெள்ளைக் கூட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். கழுத்தோடு அது நின்றுபோயிருந்தது.

"முகம் எங்க?"

 பெயிண்டர்தான் சொன்னார். "இப்ப பொம்மைக்குத் தலை வெக்கிறதில்லம்மா. அதனால எடுக்கல."

அவள் தலையாட்டினாள். விரலை நீட்டி வயிற்றுப் பகுதியின் ஒரு பள்ளத்தைத் தொட்டாள். சூடு பட்டவள்போல எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களுக்கு வேணாம்னா உடைச்சிடலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் சின்ன முதலாளி. அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் அவள். "என் புள்ளைக்கு வயித்துல இப்படியெல்லாம் இல்ல. இவரும் அவனும் ரெண்டு பேருமாச் சேர்ந்து மூணு நாள்ல செஞ்ச வயிறு இது. யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. நீங்க என்னவோ பண்ணிக்குங்க."

வெளியே போய்விட்டாள். கூட வரட்டுமா என்று ஏழு கேட்கவில்லை. சின்ன முதலாளி அவரையே பார்த்தார். ஏழு சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். "ஊத்திடலாங்க" என்றார். அவரே மெழுகு பூசி, அவரே ரெசின் ஊற்றினார். ஏன் அப்படிச் செய்தார் என்று பெயிண்டர் பின்னால் பலரிடம் கேட்டார். உடைத்துவிட்டால் அந்த இருபது நிமிஷம் வீணாகப் போயிருக்கும் என்று ஒருவேளை அவர் நினைத்திருக்கலாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நம்பர் கடைத்தெருவுக்கு வந்தது. ஏழு வீட்டுக்குக் கிட்ட வழியில் போகத் தொடங்கினார்.

ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். துணி மறுபடி மாறியது. தோளைத் தாண்டித் தொங்குகிற, உள்ளே இரண்டு பேர் நுழையலாம் போன்ற சட்டைகள் வந்தன. அதற்குள் எந்த வயிறு இருந்தால் என்ன? மெல்லிய துணி போட்டால் வேறு ஒரு தொந்தரவு: வயிற்றுக் கோடுகள் துணிமேல் நிழலாக விழுந்து, சட்டை கசங்கியிருப்பதுபோலத் தெரிகிறதாம். ஒரு பெரிய கடை பதினாறு பொம்மைகளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"கோட்டை எல்லாம் பட்டி வெச்சு மூடிக் குடுங்கன்னு கேக்குறாங்க" என்று சின்ன முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெயிண்டரைப் பண்ணச் சொல்லிடட்டுமா?"

"வேணாம். நானே பண்றேன்."

பதினாறையும் சுவரோரமாக வரிசையில் நிறுத்தினார்கள். ஏழு பட்டியைத் தகட்டில் எடுத்துக் குழைத்தார். முதல் பொம்மைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விலாவுக்குக் கீழே முதல் கோட்டில் வைத்து அழுத்தி, இழுத்துச் சமப்படுத்தினார். அது மூடிக்கொண்டது. அடுத்த கோட்டுக்கு இறங்கினார். மொழுமொழுவென்று ஒரு சாதாரண வயிறு மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இருமல் வந்தது, இருமிவிட்டுத் தேய்த்தார். மாலைக்குள் நாலு முடிந்தது. மிச்சம் பன்னிரண்டையும் வியாழக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள் என்றார் சின்ன முதலாளி. சரி என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பட்டி இறுகிப்போவதற்குள் ஐந்தாவதைத் தன் பக்கமாகத் திருப்பிவைத்தார் ஏழு.